கையில் வராத மீனுக்குக் கணக்கு

அறுந்து வந்த தங்கூஸின், அதாவது நைலான் தூண்டில் இழையின், நுனியைப் பார்த்தாலே தூண்டிலில் இருந்த மீனை எது தின்றது என்று பாதி தெரிந்துவிடும். கத்தியால் நறுக்கியதுபோல் சுத்தமாக இருந்தால் சுறாவோ சீலாவோ. நுனிக்கு மேலே ஒரு முழம் வரை உப்புத்தாளில் தேய்த்தது மாதிரி சொரசொரத்து, வெளுத்து, கடைசியில் பிய்ந்திருந்தால் கோலியாத் களவா. அதன் வாயில் நறுக்கும் பல் இல்லை. வரிசை வரிசையாகப் பொடிப் பற்கள்தான். மீனை அது கடிப்பதில்லை. வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். சுறா தின்றால் தலையாவது மேலே வரும். களவா தின்றால் ஒன்றும் வராது. ஆனால் மூழ்கிய கப்பலின் துருப்பிடித்த விளிம்பில் உரசினாலும் தங்கூஸ் இதே மாதிரிதான் பிய்யும். அதனால்தான் பாதி தெரியும் என்றது.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் படகுத்துறைகளில் கணக்கெடுக்கும் வேலை இந்தப் பாதியில்தான் நடக்கிறது. அட்டை, அளவுப்பலகை, தராசு இவற்றோடு நின்று, கரை திரும்பும் தூண்டில்காரர்களிடம் கேட்க வேண்டும்: எத்தனை பேர் போனீர்கள், எத்தனை மணி நேரம் தூண்டில் தண்ணீரில் இருந்தது, கரையிலிருந்து எவ்வளவு தூரம், என்ன பிடித்தீர்கள். பெட்டியில் இருக்கும் மீனை மூக்கிலிருந்து வால் கவட்டை வரை மில்லிமீட்டரில் அளந்து, கிலோவில் நிறுத்து எழுதுவோம். அது கண்ணால் பார்த்த கணக்கு. திரும்பக் கடலில் விட்ட மீனுக்குத் தனிக் கட்டம் உண்டு. அதில் எழுதுவது முழுக்க அவர் வாய்வார்த்தை.

மற்ற மீன்களுக்கு இரண்டு கட்டமும் ஒன்றையொன்று சரிபார்க்கும். கோலியாத் களவாவுக்கு அந்த வசதி இல்லை. 1990-இல் புளோரிடா மாநிலமும் மத்திய அரசும் அதைப் பிடித்துக் கொண்டுபோவதைத் தடை செய்தன. அன்றிலிருந்து 2023 வரை சட்டப்படி ஒரு மீன்கூடப் பெட்டிக்கு வரவில்லை. எடை கிடையாது, வயது சொல்லும் காதுக்கல் கிடையாது. மீன் பெருகிவிட்டதா என்ற கேள்விக்கு இருந்த பதிலில் பெரும்பங்கு, விட்டுவிட்டோம் என்று சொன்னவர்களின் வாயிலிருந்து வந்தது.

அவர்கள் சொல்வதில் கோபம் அதிகம். அதில் நியாயமும் உண்டு. மெக்சிகோ வளைகுடாவில் சிவப்பு ஸ்னாப்பர், நம்மூர்ச் சங்கராவின் உறவு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டுதான் எடுக்கலாம். ஒவ்வொன்றும் 16 அங்குலமாவது இருக்க வேண்டும். பெட்ரோல் எரித்து, மணிக்கணக்கில் ஓடி, கடலடிப் பாறைத்திட்டான ஒரு பாருக்குப் போய்ச் சேர்ந்து, அளவான மீன் மாட்டி, பாதி உயரம் ஏறும்போது ரீல் திடீரென்று சுவரில் கட்டியதுபோல் நின்றுபோகிறது. இழுத்தால் வராது, விட்டால் பாருக்குள் போய்விடும். 50, 60 பவுண்டு தங்கூஸ் அதற்கு நூல் மாதிரி. மூழ்கிய கப்பல் ஒவ்வொன்றிலும் ஒன்று குடியிருக்கிறது, ஸ்னாப்பரையும் மற்றக் களவாக்களையும் அதுவே தின்று தீர்க்கிறது என்பதுதான் துறையில் அடிக்கடி காதில் விழும் வழக்கு.

வயிற்றைச் சோதித்த ஆய்வாளர்கள் வேறு சொல்கிறார்கள். மீனைக் கொல்லாமல் வயிற்றில் இருப்பதை வெளியே எடுத்துப் பார்த்ததில் பெரும்பாலும் நண்டு, இறால் வகை, மெதுவாக நீந்தும் மீன்கள்தான். ஓடித் துரத்தும் உடலமைப்பு அதற்கு இல்லை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பது என் கணிப்பு. நல்ல நிலையில் நீந்தும் ஸ்னாப்பரை அதனால் பிடிக்க முடியாது. தூண்டிலில் மாட்டித் துடிக்கும் ஸ்னாப்பர், அதன் பார்வையில், மெதுவாக நீந்தும் மீன். தூண்டில்காரர் காண்பதெல்லாம் அந்த ஒரு நிலைமையைத்தான். ஒருவர் தட்டில் வைத்ததைத் தின்றதை வைத்து அவர் தினமும் என்ன சமைக்கிறார் என்று சொல்ல முடியாது.

படிவத்தின் குறை இங்கேதான் தொடங்குகிறது. களவா வந்து ஸ்னாப்பரைப் பிடுங்கி, தங்கூஸ் அறுந்து போனால் அது ‘விட்ட மீன்’ ஆகாது. படகோரம் வந்து, கைக்குள் அடங்கி, பிறகு விடப்பட்டதுதான் அந்தக் கட்டத்துக்குரியது. அன்றைக்கு அவர் மனதில் நிற்பதோ அறுந்த நான்கு. புதிதாக வேலைக்கு வருபவர்கள் அந்த நான்கையும் எழுதிவிடுவார்கள். அல்லது கேள்வியைச் சரியாகக் கேட்காமல் நான்கு என்ற பதிலை வாங்கிவிடுவார்கள். ‘எத்தனை களவா கிடைத்தது’ என்று கேட்கக் கூடாது. ‘படகுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, தூண்டிலைக் கழற்றியோ வெட்டியோ விட்டது எத்தனை’ என்று கேட்க வேண்டும். இரண்டு கேள்விக்கும் ஒரே ஆளிடமிருந்து வெவ்வேறு எண் வரும்.

இன்னொன்று, முட்டையிடும் காலம் தவிர இந்த மீன் பெரும்பாலும் இடம் மாறாது. அடையாளம் கட்டி விட்டவை அதே பாரில் மறுபடி மறுபடி தென்பட்டிருக்கின்றன. ஒரே கப்பலுக்கு ஒரு சனிக்கிழமை ஆறு படகு போனால், ஆறு படகும் ஒவ்வொரு கோலியாத் என்று சொன்னால், அங்கே ஆறு மீன் இருக்கலாம். ஒன்றே ஒன்றும் இருக்கலாம். இது போதாதென்று ஐந்து, பத்து என்று முழு எண்ணாகச் சொல்லும் பழக்கம் எல்லாத் துறையிலும் உண்டு. மூன்றும் நான்கும் சொல்பவர் எண்ணியிருக்கிறார். பத்து என்பவர் நிறைய என்கிறார்.

ஆட்சேபம் சொல்லும் அதே படகோட்டிகளில் சிலர் ஆட்களை ஏற்றிக்கொண்டு கோலியாத்தோடு மல்லுக்கட்டவே போவதும் உண்டு. உயிருள்ள பாறை மீனை இரையாக வைத்து, விரல் தடிமன் தங்கூஸும் உள்ளங்கை அளவு வட்டத் தூண்டிலும் போட்டால், சுற்றுலா வந்தவருக்கு இரண்டே நிமிடத்தில் தோள் கழன்றுவிடும். அப்படி வேண்டுமென்றே பிடிப்பவர் கூடினாலும் ‘விட்ட மீன்’ கட்டத்தில் எண் ஏறும். மீன் கூடியதாக அர்த்தமில்லை. அதனால் எதைத் தேடிப் போனீர்கள் என்ற கேள்வியை அவசரத்தில் தாண்டிவிடக் கூடாது.

பெருகியதே பொய்யா என்றால், இல்லை. 1970-களிலும் 80-களிலும் ஈட்டித் துப்பாக்கியோடு இறங்கியவர்கள் பார்களைத் துடைத்தெடுத்தார்கள். பயமில்லாமல் மனிதனைப் பார்த்து நிற்கும் மீன். முட்டையிட ஒரே இடத்தில் கூடும் மீன். அதைச் சுட்டெடுப்பது கஷ்டமே இல்லை. தடைக்குப் பிறகு தென்மேற்கு புளோரிடாவில்தான் முதலில் திரும்பி வந்தது, பிறகு மெல்ல வெளியே பரவியது. காரணம் டென் தவுசண்ட் ஐலண்ட்ஸ் அலையாத்திக் காடுகள். குஞ்சுகள் அங்கே வேர்களுக்கு அடியிலும் கரை குடைந்த பொந்துகளிலும் ஐந்தாறு வருடம் வளர்ந்து, பிறகுதான் கடற்பார்களுக்குப் போகும். ஆகவே நேப்பிள்ஸ் துறையில் கேட்கும் பதிலும் வடக்கே பென்சகோலாவில் கேட்கும் பதிலும் ஒன்றாக இருக்காது. இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டால் யாருக்கும் பொருந்தாத எண் கிடைக்கும்.

பதில் சொல்பவரின் வயதும் கணக்கில் வரும். 1990-களில் தூண்டில் பிடித்தவருக்கு அந்த மீன் அப்போது கண்ணிலேயே படவில்லை, இன்று திரும்பிய பக்கமெல்லாம் இருக்கிறது, படையெடுப்பு என்பார். 1960-களைக் கண்ட கிழவர் ‘இதெல்லாம் முன்பு இருந்ததுதான்’ என்பார். தூண்டிலில் பிடிபட்டதில் சாதனை எடையான 680 பவுண்டு, அதாவது 308 கிலோ, 1961-இல் ஃபெர்னாண்டினா பீச்சில் வந்தது. அந்த அளவு மீன் இன்று எத்தனை பேர் கண்ணில் படுகிறது என்று கேட்டால் துறையில் சத்தம் குறையும்.

2010 ஜனவரியில் கடுங்குளிர் வந்தது. ஆழமில்லாத அலையாத்தி நீர் சில்லிட்டு, குஞ்சுகள் ஏராளமாகச் செத்தன. உள்நீரில் தூண்டில் போடுபவர்கள் அதை உடனே உணர்ந்தார்கள், சின்னக் கோலியாத் மாட்டுவது நின்றுபோனது. அதே வருடம் வெளிக்கடலுக்குப் போய் வந்தவர்கள் பெருகுகிறது, பெருகுகிறது என்றுதான் சொன்னார்கள். அவர்கள் பார்த்தது குளிருக்கு முன்பே காட்டை விட்டு வெளியேறிய பெரிய மீன்களை. செத்த குஞ்சுகளின் இடைவெளி பாருக்கு வந்து சேர இன்னும் ஐந்தாறு வருடம் இருந்தது. உள்நீர்ப் பதிலையும் வெளிக்கடல் பதிலையும் தனித்தனியாக வைக்காத தாளில் இது தெரியவே தெரியாது. 2018-இல் சிவப்பு அலை, அதாவது நச்சுப் பாசிப் பெருக்கம், வந்து, சனிபெல் கரையில் பெரிய கோலியாத்களே செத்து ஒதுங்கின. அந்தப் பிணங்களை அளந்ததுதான் பலருக்கு அந்த மீனை முதன்முறையாகப் பலகையில் வைத்துப் பார்த்த அனுபவம்.

எவர்கிளேட்ஸ் பூங்காவின் துறைக் கணக்கு, முக்குளிப்பவர்களின் பார்வைக் குறிப்பு, தூண்டில்காரர் வாய்வார்த்தை எல்லாவற்றையும் சேர்த்து 2016-இல் ஒரு மதிப்பீடு செய்தார்கள். சரிபார்த்த குழு அதை ஏற்கவில்லை. நம் தாளில் இருக்கும் ஓட்டைகளை அறிந்தவர்களுக்கு அது ஆச்சரியமில்லை.

விட்ட மீன் பிழைத்ததா என்பதும் அந்தக் கட்டத்தில் இருக்காது. பெரிய கோலியாத்தைப் படகுக்குள் ஏற்றிப் படம் எடுக்கக் கூடாது. தண்ணீருக்கு வெளியே அதன் எலும்புக்கூடு அந்த எடையைத் தாங்காது, உள்ளுறுப்பு நசுங்கும். ஆழத்திலிருந்து வேகமாக ஏற்றினால் காற்றுப்பை ஊதி, வயிறு வாய்வழியே பிதுங்கும். மிதக்கும் மீனைச் சுறா பார்த்துக்கொள்ளும். வளைகுடாவில் பார்மீன் பிடிப்பவர்கள் 2022 ஜனவரியிலிருந்து, காற்றை வெளியேற்றும் ஊசியையோ மீனைத் திரும்ப ஆழத்துக்கு இறக்கும் கருவியையோ தயாராக வைத்திருக்க வேண்டும் என்று மத்திய சட்டம் வந்தது. இறக்கும் கருவி என்றால் குறைந்தது 16 அவுன்ஸ் ஈயமும் 60 அடிக் கயிறும் கட்டி, எடுத்தவுடன் போடும்படி இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பார்கள். பெரும்பாலும் உறை பிரிக்காமல் இருக்கையின் அடியில் கிடக்கும். 150 கிலோ மீனுக்கு 16 அவுன்ஸ் ஈயம் எந்த மூலைக்கு என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் பதில் சொல்வதும் சிரமம்தான். துருப்பிடிக்கும் வட்டத் தூண்டிலாக இருந்தால், படகோரமே தங்கூஸை வாய்க்கு நெருக்கமாக வெட்டிவிடுவதுதான் நல்லது.

தடைக்குப் பிறகு 2023-இல்தான் முதன்முறையாகப் பிடிக்க அனுமதி வந்தது. அந்த ஆண்டு குலுக்கல் முறையில் அதிகபட்சம் 200 அனுமதிச் சீட்டு. மாநிலத்தவருக்கு 150 டாலர், வெளியாருக்கு 500. மார்ச் முதல் மே முடிய, தூண்டிலில் மட்டும். முட்டையிடக் கூடும் மீனைப் பார்க்க முக்குளிப்பவர்கள் பணம் கொடுத்து வரும் பாம் பீச் பக்கத்தை விட்டுவிட்டார்கள். பிடித்தவர் பட்டை கட்டி, துடுப்பில் துணுக்கு வெட்டி, விவரம் அனுப்ப வேண்டும்.

அளவு மட்டும் 24 முதல் 36 அங்குலத்துக்குள். பெரிய மீனில் பாதரசம் கூடுதல், இனப்பெருக்கத்துக்கும் அதுதான் வேண்டும். அந்த அளவில் இருப்பது இன்னும் பருவம் எட்டாத குட்டி, அலையாத்திக் கால்வாயில் கிடைப்பது. கப்பலில் குடியிருந்து ஸ்னாப்பரைப் பிடுங்கும் மீன் இந்த அளவைத் தாண்டிப் பல வருடம் ஆகியிருக்கும். அதைப் பற்றித்தான் துறையில் இத்தனை வழக்கும். அது இன்னமும் பலகைக்கு வருவதில்லை. அதன் கட்டத்தில் எழுதுவது தூண்டில்காரர் சொல்லும் எண்தான்.