காலிப் பெட்டியும் பூஜ்யமும்

2022 நவம்பரோடு பிஎச்பி என்ற நிரல்மொழியின் 7.4 பதிப்புக்கான ஆதரவு முடிந்தது. அதற்குமேல் தள்ளிப்போட வழியில்லை. பத்து வருடமாக நான் பார்த்துக்கொள்ளும் ஒரு மொத்தக் கடையின் பில்லிங் மென்பொருளை 8.1க்கு மாற்றினேன்.

அன்று சாயங்காலமே, எச்சரிக்கைகள் பதிவாகும் லாக் கோப்பு வீங்கிவிட்டது. பெரும்பாலும் ஒரே புகார்: ஓரத்து இடைவெளிகளை வெட்டும் டிரிம் ஃபங்ஷனுக்கு, மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் நல் (null) போகிறது. முன்பெல்லாம் நல்லைக் கொடுத்தால் பிஎச்பி அதைக் காலி ஸ்ட்ரிங்காக, அதாவது ஓர் எழுத்தும் இல்லாத உரையாக, எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும். 8.1-லும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது, ஆனால் இது வழக்கொழியப் போகிறது என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறது.

எச்சரிக்கையை அணைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். சரி, ஒன்றையாவது பார்ப்போம் என்று ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு போனேன். பழைய பாக்கியைக் கூட்டும் இடம் அது. போன் நம்பரை டிரிம் செய்து, அதையே சாவியாக வைத்துப் பாக்கியைச் சேர்த்திருந்தேன். நம்பர் தராதவர்களுக்கு டேட்டாபேஸில் நல். டிரிம் செய்தால் எல்லாம் ஒரே காலி ஸ்ட்ரிங். ஆக, நம்பர் இல்லாத அத்தனை பேருடைய பாக்கியும் ஒரே கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. கடைக்காரரிடம் கேட்டேன். "அவங்களுக்கு நான் நோட்டுலதான் தம்பி எழுதுறேன், கம்ப்யூட்டர்ல சரியா வராது" என்றார். எத்தனை வருடமாக எழுதினாரோ! என்னிடம் சொல்லவே இல்லை.

ஓடுகிற கடையை நிறுத்தாமல், தப்பு இருக்கும் வரியை மட்டும் காட்டிக்கொடுத்த அந்த எச்சரிக்கைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் 8.0-ல் வந்த இன்னொரு மாற்றம் இப்படி வரவில்லை. அதற்கு முன் காலி ஸ்ட்ரிங்கும் பூஜ்யமும் இரட்டைச் சமக்குறியில் (==) ஒப்பிட்டால் சமம், 8.0 முதல் சமமில்லை. புது விதிதான் சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் லாக்கில் ஒரு வரிகூட விழாமல் பதில் மட்டும் மாறிவிடுகிறது. எங்கள் பில் படிவத்தில் பத்து வரிசை. அளவு பூஜ்யமானால் அந்த வரிசையை விட்டுவிடு என்று எழுதியிருந்தேன். காலி ஸ்ட்ரிங்காக வரும் நிரப்பாத வரிசைகளும் அதில்தான் கழிந்துகொண்டிருந்தன. மாற்றிய மறுநாள், நாலு சரக்கு வாங்கியவருக்குப் பத்து வரிசையோடு பில் அச்சாகி வந்தது. பழைய நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கும் மொழியில், விதியை இறுக்குவதாக இருந்தால் முதலில் சத்தம் போட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

2015-ல் பிஎச்பி 7.0 கொண்டுவந்த, மதிப்பின் வகையைக் கண்டிப்பாகப் பார்க்கும் ஸ்ட்ரிக்ட் டைப்ஸ் ஏற்பாடு எனக்குப் பிடித்ததும் அதனால்தான். கோப்பின் தலையில் ஒரு வரி எழுதினால் அந்தக் கோப்பு மட்டும் கண்டிப்பாகிறது. அதிலும், கண்டிப்பா தளர்வா என்பதை முடிவு செய்வது ஃபங்ஷனைக் கூப்பிடும் கோப்பு, ஃபங்ஷன் எழுதப்பட்ட கோப்பு அல்ல. ஆகவே அளவு வாங்கும் ஃபங்ஷனுக்கு இன்ட் (முழு எண்) என்று வகை எழுதினேன். பழைய கோப்புகள் "12" என்று ஸ்ட்ரிங்காக அனுப்பினாலும் எண்ணாகி உள்ளே போகிறது. காலி ஸ்ட்ரிங் வந்தால் தளர்வான கோப்பிலிருந்து வந்தாலும் டைப்எரர் என்ற வகைப் பிழை.

இப்படிக் கோப்புகளை ஒவ்வொன்றாகக் கண்டிப்பாக்கும் வேலையில், இப்போது பாக்கி, வரி, ரசீது மூன்றும் முடிந்தன. அப்புறம் சரக்கு இருப்பு. அச்சுக் கோப்புகளைக் கடைசியில் தொடுவதாக இருக்கிறேன்.