அந்த நாலு பைட் யாருடையது?

கணினியில் ஓடும் எந்தப் புராசஸ் எந்தக் கோப்பை எத்தனை தடவை படிக்கிறது என்று எண்ணிப் பார்க்க ஒரு ஆசை. இபிபிஎஃப்-இல் (லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே சின்ன நிரலை ஓட்டும் வசதி) முப்பது வரி எழுதினால் முடிந்தது, தோசைக்கு முன் எழுந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எண்ணிக்கையைச் சேர்த்து வைக்கும் மேப்புக்குச் சாவியாக ஒரு ஸ்ட்ரக்ட், அதாவது பல மதிப்புகளை அடுக்கி வைக்கும் ஒரே பெட்டி. 4 பைட்டில் பிஐடி (புராசஸின் எண்), 8 பைட்டில் ஐநோட் எண் (கோப்பின் அடையாள எண்). இரண்டிலும் மதிப்பை நிரப்பியாகிவிட்டது. ஆனால் நிரலை ஏற்றும் முன் சோதிக்கும் 5.15 கெர்னலின் வெரிஃபையர் வாசலிலேயே மறித்தது: “இன்வேலிட் இன்டைரக்ட் ரீட் ஃப்ரம் ஸ்டாக் ஆர்2 ஆஃப் -16+4 சைஸ் 16”.

ஸ்டாக்கில் (நிரலின் தற்காலிக நினைவிடம்) 16 பைட் படிக்கிறாய், அதில் 4 பைட் தள்ளி மதிப்பே வைக்காத இடம் இருக்கிறது என்று புகார். நான் கொடுத்ததே 12 பைட். இது 16-க்குக் கணக்குக் கேட்கிறது!

ஒன்றும் புரியாமல் ஸ்ட்ரக்டில் வரிசையை மாற்றினேன். ஐநோட் முதலில், பிஐடி பிறகு. இப்போது -16+12 என்றது. பிழைச்செய்தி மாறினாலே முன்னேற்றம் என்று நம்பும் ரகம் நான். எழுந்து போய் காபி போட்டுக்கொண்டேன்.

பாதி காபியில்தான் உறைத்தது. 8 பைட் எண், 8-ஆல் வகுபடும் இடத்தில்தான் உட்காரும். அதற்காக, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் நடுவில் 4 பைட்டுக்குத் துண்டு போட்டு சீட் பிடித்து வைத்திருக்கிறது. நான் வரிசையை மாற்றியதில் துண்டு கடைசி சீட்டுக்குப் போனது, அவ்வளவுதான். வெரிஃபையரோ, பஸ் கிளம்பும் முன்பே ஏறி “இந்தத் துண்டு யாருடையது?” என்று கேட்கும் செக்கிங் இன்ஸ்பெக்டர்.

கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. அந்த நாலு பைட்டில் ஸ்டாக்கின் பழைய குப்பை இருந்தால், ஹேஷ் மேப் அதையும் சாவியின் பகுதியாகவே பார்க்கும். ஒரே பிஐடி, ஒரே ஐநோட் வேறு வேறு ஆளாகப் பதிவாகியிருக்கும். அந்த எண்ணிக்கையை நம்பி யாரிடமாவது பீற்றிக்கொண்டிருப்பேன்.

சரி, மதிப்பு நிரப்பும் முன் மெம்செட் போட்டு மொத்தத்தையும் பூஜ்யமாக்கினேன். உடனே அடுத்தது: “ஆர்0 இன்வேலிட் மெம் ஆக்சஸ் மேப்_வேல்யூ_ஆர்_நல்”. மேப்பில் சாவியைத் தேடினால் கிடைக்காமலும் போகலாமே, கிடைத்ததா என்று பார்க்காமல் எப்படித் தொடுவாய் என்கிறது. ஒரு இஃப் போட்டேன். நிரல் கெர்னலில் ஏறிவிட்டது.

மணி பதினொன்று. அம்மா மூடி வைத்திருந்த தட்டை ஆவலாகத் திறந்தேன். உள்ளே சட்னி மட்டும். தம்பி எப்போதோ சாப்பிட்டுத் தூங்கியிருந்தான்.