ஜனவரியில் நான் அரையிறுதிக்காகத்தான் காத்திருக்கிறேன்

18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலக ஐஸ் ஹாக்கி போட்டியைப் பற்றிப் பேச்செடுத்தாலே பலரும் கேட்பது ஒன்றுதான்: "எப்படியும் கனடாவோ அமெரிக்காவோதானே ஜெயிக்கப் போகுது, அதுல பார்க்க என்ன இருக்கு?" பட்டியலைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், இல்லை என்று சொல்லவில்லை. 2008-இல் கால்கரியில் முதல் போட்டி நடந்ததிலிருந்து 2025-இல் ஃபின்லாந்தின் வன்டாவில் நடந்தது வரை மொத்தம் 17 போட்டிகள், தங்கம் இந்த இரண்டு நாடுகளைத் தாண்டிப் போனதே இல்லை. ஆனால் தங்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போகிறவர்கள் நல்லதையெல்லாம் தவறவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

முதலில் ஒரு கோலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2023, ஸ்வீடனின் ஒஸ்டர்சுண்ட். ஸ்லோவாக்கியா அணியில் நெலா லோபுஷனோவா என்று ஒரு பெண், வயது 14. கோல் வலைக்குப் பின்னால் பக்கோடு, அதாவது இந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக இருக்கும் தட்டையான வட்டோடு, நிற்கிறாள். மட்டையின் தட்டைப் பகுதியைப் பக்கின் மேல் லேசாகச் சாய்த்து ஒரு திருப்பு திருப்புகிறாள், பக் அப்படியே மட்டையோடு ஒட்டிக்கொண்டு மேலே எழுகிறது. ஒரு கரண்டியில் எடுத்துப் போவதுபோல அதைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, கம்பத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, குறுக்குக் கம்பிக்குக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். 1996-இல் மிஷிகன் பல்கலைக்கழகத்தின் மைக் லெக் போட்ட கோலால் 'மிஷிகன்' என்றே பெயராகிவிட்ட வித்தை இது, பெரிய பெரிய ஆட்டக்காரர்களே யோசித்துத்தான் முயற்சி செய்வார்கள். நான் அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்தி எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. பக் கிட்டத்தட்ட 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர். குதிக்காமல் இருப்பதற்காக ஆட்டத்துக்கு முன்னால் அதை உறைய வைப்பார்கள், அதனால் இன்னும் வழுக்கும். அதைச் சறுக்கிக்கொண்டே மட்டையில் நிறுத்துவது என்றால் மணிக்கட்டில் எவ்வளவு நிதானம் வேண்டும்!

அவளுடைய அணி பதக்கம் எதுவும் வாங்கவில்லை. அரையிறுதிக்கே வரவில்லை. ஆனாலும் 5 ஆட்டங்களில் 9 கோல் போட்டு, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதை அவள்தான் வாங்கினாள்.

சரி, அரையிறுதிக்கு வருவோம். இறுதி ஆட்டம் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் இல்லாமல் போனது 2025 வரை மூன்று தடவை. 2018-இல் ரஷ்யாவின் டிமித்ரோவில் ஸ்வீடன் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. 2023-இல் அதே ஸ்வீடன் அமெரிக்காவை அரையிறுதியில் வீழ்த்தியது. 2024-இல் ஸ்விட்சர்லாந்தின் ஸூக் நகரில் செக் பெண்கள் அரையிறுதியில் கனடாவை 4-2 என்று ஜெயித்தார்கள். மூன்று தடவையும் இறுதி ஆட்டத்தில் என்ன நடந்தது? 9-3, 10-0, 5-1. வந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் பலமாகத் தோற்றார்கள்.

இதைக் காட்டித்தான் "பார்த்தியா, தற்செயலா வந்தாங்க" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. ஐஸ் ஹாக்கியில் ஒருத்தி ஒரு மூச்சில் களத்தில் இருப்பது முக்கால் நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம், அதற்குள் கால் சோர்ந்துவிடும், அடுத்த ஐவர் இறங்க வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆடும் பெண்கள் அவ்வளவு பேர் இருப்பதால் அவர்களுடைய நான்காவது வரிசைகூட (சேர்ந்து களத்தில் இறங்கும் குழுவைத்தான் வரிசை என்பார்கள்) மற்ற நாட்டின் முதல் வரிசைக்கு ஈடுகொடுக்கும். செக் போன்ற நாட்டில் தேர்வு செய்யவே சில ஆயிரம் பேர்தான். நல்ல கோல்கீப்பரும் இரண்டு நல்ல வரிசைகளும் இருந்தால் ஓர் இரவு, 60 நிமிடம், உயிரைக் கொடுத்து ஆடி ஜெயித்துவிடலாம். மறுபடியும் உடனே அதே மாதிரி ஒரு ஆட்டம் என்றால் கால்தான் முதலில் கைவிடும். 10-0 என்பது அந்தப் பெண்களின் தரத்தைச் சொல்லவில்லை, பெஞ்சில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைச் சொல்கிறது. கோல் விழுந்த பிறகு கோல்கீப்பர் வலையின் மேல் இருக்கும் தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, தன் இடத்தை ஸ்கேட்டால் இரண்டு பக்கமும் தேய்த்துச் சரிசெய்துகொண்டு திரும்பக் குனிந்து நிற்பாள், கவனித்திருக்கிறீர்களா? ஏழாவது கோலுக்குப் பிறகும் அதையே செய்யும் 16, 17 வயதுப் பெண்ணைப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இந்த வயதில் இப்படி ஒரு மேடை கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு மரி-ஃபிலிப் பூலானைப் பாருங்கள். 2008-இல் கால்கரியில் வெள்ளி வாங்கிய கனடா அணியில் இருந்தார். இரண்டே வருடம் கழித்து, 18 வயதில், வான்கூவர் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவை 2-0 என்று கனடா ஜெயித்தபோது இரண்டு கோலும் அவருடையது. அதே கால்கரியில் வெண்கலம் வாங்கியது செக். அந்த நாட்டின் பெரியவர்கள் அணி உலகப் போட்டியில் முதல் பதக்கம் வாங்க 2022 வரை ஆனது. மெதுவாகத்தான், ஆனால் வந்து சேர்ந்தார்கள்.

அதனால்தான் 2021-22 காலத்தை நினைத்தால் இன்னும் எனக்குக் கோபம் வருகிறது. கொரோனாவால் 2021 போட்டி ரத்து, அது புரிகிறது. ஆனால் 2021 டிசம்பரில், அடுத்த மாதம் ஸ்வீடனில் நடக்க வேண்டியதையும் ரத்து என்று அறிவித்துவிட்டு, 20 வயதுக்குட்பட்ட ஆண்களின் போட்டியை மட்டும் தொடங்க விட்டார்கள். அதுவும் சில நாளிலேயே நின்றுபோனது வேறு கதை. 18 வயதுக்குட்பட்டோர் போட்டி என்றால் ஒரு பெண்ணுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று வாய்ப்புதான், வயது தாண்டினால் தாண்டியதுதான். ஆட்டக்காரர்கள் சும்மா இருக்கவில்லை, வெளிப்படையாகக் கேள்வி கேட்டார்கள். கடைசியில் 2022 ஜூனில் அமெரிக்காவின் மேடிசனில் நடத்தினார்கள், கனடா அமெரிக்காவை 3-2 என்று ஜெயித்தது. ஆனால் 2003-இல் பிறந்தவர்களுக்கு 2021-தான் கடைசி வாய்ப்பு, அது திரும்பி வரவே இல்லை.

அப்புறம் இன்னொன்று, முதல் பிரிவில் மொத்தமே எட்டு அணிகள்தான், கடைசியில் வரும் அணி அடுத்த வருடம் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். கூட்டம் குறைவாக இருக்கும் அந்த ஆட்டங்களையும் நான் விடுவதில்லை. பதக்கத்துக்கு ஆடுகிறவர்களைவிடக் கீழே இறங்கிவிடக் கூடாது என்று ஆடுகிறவர்கள் பக்கை மறிக்க எப்படி விழுந்து புரள்கிறார்கள் என்று ஒரு தடவை பாருங்கள். வன்டாவில் இறுதி ஆட்டம் பழையபடி கனடா, அமெரிக்கா என்றே அமைந்து 3-0 என்று முடிந்தது. அதையும் பார்த்தேன்தான், ஆனால் ராத்திரி அலாரம் வைத்து எழுந்தது அரையிறுதிக்கு.