மார்கழியில் வழுக்கிய ஃப்ரீவீல்

காங்கேயத்தில் ஒரு சைக்கிள் கடையில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். பஞ்சர் ஒட்டுவதும் ரிம்மில் கோட்டம் எடுப்பதும் சில மாதங்களில் கைக்கு வந்துவிட்டன. ஆனால், "மிதிச்சா கடகடங்குது, ஏத்தத்துல வழுக்குதுங்க" என்று யாராவது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், எந்தப் பொருளை மாற்றுவது என்றே என் மனம் முதலில் ஓடும். முதலாளியோ ஸ்பேனரைத் தொடமாட்டார். வண்டியில் ஏறிச் சாலையின் கோடி வரை மிதித்துப் போய், சத்தம் எத்தனை மிதிக்கு ஒருமுறை வருகிறது என்று எண்ணிக்கொண்டு திரும்புவார்.

அந்த எண்ணிக்கைக்குக் காரணம் இருந்தது. எங்களிடம் வந்த சாதா வண்டிகள் பெரும்பாலானவற்றில் முன்னால் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில், அதாவது பின்சக்கரத்தை இழுக்கும் பல்சக்கரத்தில், 18 பல். செயினில் 110 கண்ணி இருந்தால், அது ஒரு முழுச் சுற்று வருவதற்குப் பெடலை இரண்டரைச் சுற்று மிதிக்க வேண்டும். ஆகவே இரண்டரை மிதிக்கு ஒருமுறை வரும் சொடுக்கு, எங்கோ ஒரு கண்ணி துருவேறி மடங்காமல் நிற்பதைக் காட்டும். ஒவ்வொரு மிதிக்கும் ஒரே இடத்தில் 'டக்' என்றால் பெடல், பிபி அச்சு (பெடல்கள் சுழலும் நடு அச்சு), காட்டர் பின் (பெடல் தண்டான கிராங்கை அந்த அச்சில் இறுக்கும் ஆப்பு) ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். காட்டர் பின்தான் பெரிய ஏமாற்றுக்காரன். அது தேய்ந்து கிராங்க் அச்சில் லேசாக ஆடும்போது கால் ஒரு நொடி சரிந்து விழும். மிதிப்பவர் செயின் வழுக்குகிறது என்றே சொல்லுவார். நட்டை மட்டும் முறுக்கிச் சரிசெய்ய நினைப்பது பயனற்ற வேலை. புதுப் பின்னைத் தட்டி இறுக உட்காரவைத்த பிறகே நட்டைப் போட வேண்டும்.

எண்ணிப் பார்க்காமல் நான் செய்த பிழை ஒன்று இன்னும் உறுத்துகிறது. இரண்டு கேன்களை மாட்டிக்கொண்டு வரும் பால்காரர் ஒருவருக்குச் செயின் தேய்ந்துவிட்டது என்று புதிதாக மாட்டிக் கொடுத்தேன். மறுநாள் விடியற்காலையில், மேட்டில் எழுந்து நின்று மிதித்தபோது செயின் பல்லைத் தாண்டிக் குதிக்க, அவருடைய முழங்கால் ஹேண்டில் பாரில் இடித்து, ஒரு கேன் பால் ரோட்டில் போயிற்று. முதலாளி என்னைத் திட்டவில்லை. ஃப்ரீவீலைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பற்கள் அரிவாள் மூக்கைப்போல ஒருபக்கம் வளைந்திருந்தன. செயினின் பின்கள் தேயத் தேயக் கண்ணிகளின் இடைவெளி நீளும். பற்களும் அந்த நீளத்துக்கு ஏற்பவே தேய்ந்துகொள்ளும். பழையதும் பழையதும் ஒத்துப்போகும். சரியான அரை அங்குல இடைவெளியுள்ள புதுச் செயின் அந்தப் பற்களில் உட்காராமல், பாரம் ஏறியதும் மேலே ஏறிவிடும். அன்று முதல் ஓரடி ஸ்கேலை இடுப்பில் செருகிக்கொண்டேன். 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும்; வீசம் (1/16) அங்குலம் கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றலாம்; அரைக்கால் (1/8) அங்குலம் கூடியிருந்தால் பெரும்பாலும் ஃப்ரீவீலுக்கும் சேர்த்தே செலவு வரும்.

ஸ்கேலும் கைவிட்ட நாள் ஒன்று உண்டு. கொப்பரைக் களத்தில் வேலை செய்த அக்கா ஒருவர் மார்கழி மாதத்தில் ஒரு மதியம் வந்து, பெடல் சும்மா சுற்றுகிறது என்றார். அளந்தேன்; செயின் சரியாக இருந்தது. மிதித்துப் பார்த்தேன், வழுக்கவே இல்லை. ஆனாலும் ஒரு புது ஃப்ரீவீலை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். முதலாளி மட்டும், "எப்பங்க வழுக்குது?" என்று கேட்டார்.

"வெடியால வேலைக்குப் போறப்ப மட்டுந்தானுங்க. வெயில் ஏறுனா ஒண்ணுமில்லீங்க."

"எண்ணெய் என்னங்க விடறீங்க?"

"தேங்காயெண்ணெய்தானுங்க. களத்துல அதுக்கா பஞ்சம்?"

ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். ஃப்ரீவீலுக்குள் மெல்லிய ஸ்பிரிங் தள்ளி நிறுத்தும் சிறு நாக்குகள்தான் உள்பற்களில் மாட்டிச் சக்கரத்தை இழுக்கின்றன; மார்கழிக் குளிரில் அந்த எண்ணெய் அவற்றைப் படுத்தபடியே பிடித்துக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, நான்கு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டோம். கழுவிய கூலியை மட்டும் முதலாளி வாங்கிக்கொண்டார்; நான் எடுத்துவைத்திருந்த ஃப்ரீவீல் அலமாரிக்கே திரும்பிப் போயிற்று.