ஏ8-3: அந்தக் கடைசி மூன்று

போன டிசம்பரில் மச்சான் அமெரிக்காவிலிருந்து வந்தபோது, பாதாம் பாக்கெட்டுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில் நீளமாக ஒரு உறை இருந்தது. எஸ்டெஸ் ஆல்ஃபா, மாடல் ராக்கெட் கிட். 1960களிலிருந்து விற்கிறார்கள். அந்த ஊரில் பலருக்கும் இதுதான் முதல் ராக்கெட். உள்ளே ஒரு அட்டைக் குழல், பிளாஸ்டிக் மூக்கு, பால்சா பலகையில் வெட்டிய மூன்று ஃபின் (வால் இறக்கை), ஒரு பாராசூட், ரப்பர் நாடா, மோட்டாரைப் பிடிக்க ஒரு சின்னக் குழலும் இரண்டு அட்டை வளையங்களும்.

"மோட்டார் எங்கடா?"

"மாமா, அது வெடிமருந்து. பிளேன்ல ஏத்தினா என்னை உள்ள வச்சிடுவான்."

நியாயம்தான். இங்கே செய்துகொள்ளலாம் என்றால் 1884ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் கருமருந்தில் கை வைக்க முடியாது. கீழ்வீட்டுப் பையன், "அங்கிள், தீபாவளி ராக்கெட்டைப் பிரிச்சு மருந்தை எடுத்துப் போட்டா?" என்றான். அந்தப் பேச்சே வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டேன். மாடல் ராக்கெட் மோட்டாரில் மருந்தை மிஷினில் வைத்துக் கல் மாதிரி இறுக்கியிருப்பார்கள். அதனால் அடுக்கடுக்காக எரியும். பிரித்துக் கொட்டிய தூள் அப்படி எரியாது. ஒரே நேரத்தில் பற்றும், விரல் போகும்.

சரி, மோட்டார் இல்லாமல் முதலில் கட்டுவோம், பறப்பதைப் பற்றி அப்புறம் யோசிப்போம் என்று நானும் ஏழாவது படிக்கும் என் பெண்ணும் உட்கார்ந்தோம்.

கட்டியது பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை, ஃபின் வேலையைத் தவிர. குழலில் மூன்று நேர்கோடு போட வேண்டும், ஒன்றுக்கொன்று 120 டிகிரி. உருண்டைக் குழலில் ஸ்கேல் நிற்காது. கதவு நிலையின் உள்மூலையில் குழலை அழுத்திவைத்து, நிலையின் விளிம்பையே ஸ்கேலாக வைத்துக் கோடு போட்டோம், அச்சாக வந்தது. பால்சாவை உப்புத்தாளில் தேய்ப்பதற்குப் பொறுமை வேண்டும். முன்விளிம்பு உருண்டையாகவும் பின்விளிம்பு கூராகவும் வர வேண்டும், கொஞ்சம் அழுத்தினால் ஓரம் பிய்ந்துவிடும். ஃபெவிகாலை இரண்டு பக்கமும் தடவி, ஒட்டி, எடுத்து, ஐந்து நிமிஷம் விட்டு, மறுபடி தடவி ஒட்டினால் பிடி உறுதியாக இருக்கிறது. நங்கநல்லூர் ஈரக்காற்றில் முழுக்கக் காய ஒரு ராத்திரி பிடித்தது. பெயின்ட்டை மொட்டைமாடியில் அடித்தேன், ஆரஞ்சு ஸ்ப்ரே. காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. பக்கத்தில் மாமி வடாம் காயப்போட்டிருந்தார். இரண்டு வரிசை வடாம் அந்த வருஷம் ஆரஞ்சு. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாமி சம்மதிக்கமாட்டார்.

பெயின்ட்டோடு சமையலறைத் தராசில் 26 கிராம். பறக்கும்போது நேராகப் போகுமா என்று பார்க்க, நிறை மையத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுற்றிப் பார்த்தோம். மூக்கை முன்னால் வைத்துக்கொண்டு ஒழுங்காகச் சுற்றியது. மோட்டார் வாலில் உட்கார வேண்டிய சாமான். அந்தக் கனம் இல்லாததால் எங்கள் ராக்கெட்டின் நிறை மையம் இன்னும் முன்னால் இருந்தது, ஆகவே சுற்றியதில் ஆச்சரியமில்லை. தீபாவளி ராக்கெட்டில் ஃபின் கிடையாது, அந்த வேலையை நீளக் குச்சி பார்த்துக்கொள்கிறது என்று பெண்ணுக்கு விளங்க வைத்தது அன்றைக்குத்தான். எனக்கும் அன்றைக்குத்தான் சரியாக விளங்கியது.

இனிப் பறக்க வைக்க வேண்டும். காற்றழுத்தம்தான் வழி. குழலின் உள்விட்டம் 24 மில்லி. முக்கால் இஞ்ச் சிபிவிசி தண்ணீர்ப் பைப்பின் வெளிவிட்டம் 22 மில்லி சொச்சம். டேப் இரண்டு சுற்று சுற்றினால் வழுக்கிக்கொண்டு போகும் அளவுக்குப் பொருந்துகிறது. பைப்பின் அடுத்த முனையில் இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை சைக்கிள் டியூப் வைத்து இறுக்கிக் கட்டினேன். பைப்பின் மேல் ராக்கெட்டைச் செருகி, பாட்டிலை ஓங்கி மிதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெண் மிதித்தாள். டப்!

ராக்கெட் அசையவில்லை. மூக்கு மட்டும் எகிறி ரப்பர் நாடாவில் தொங்கியது. பாராசூட் ஈரத்துணி மாதிரி வெளியே வந்து பைப்பின் மேல் சரிந்தது.

ஒரு நிமிஷம் முழித்தோம். அப்புறம்தான் புரிந்தது, ராக்கெட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. மோட்டாரின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், ஏ8-3 என்று இருக்கும். ஏ என்பது மொத்தக் கணத்தாக்கு, அதாவது விசையை அது தள்ளும் நேரத்தால் பெருக்கியது, அதிகபட்சம் 2.5 நியூட்டன்-நொடி. எட்டு என்பது சராசரி விசை, நியூட்டனில். இந்த இரண்டையும் நான் ஆரம்பத்திலேயே படித்து வைத்திருந்தேன். கோடு போட்டுக் கடைசியில் இருக்கும் மூன்றை ஏதோ மாடல் நம்பர் என்று விட்டுவிட்டேன். அது நொடி. மருந்து ஒரு நொடிகூட எரியாது. அதற்குப் பிறகு மூன்று நொடி ராக்கெட் வேகத்திலேயே மிதந்து உச்சிக்குப் போகும். அந்த மூன்று நொடி முடிந்ததும் மோட்டாரின் மேல்பக்கம் சின்னதாக ஒரு வெடிப்பு, குழலுக்குள் அழுத்தம், மூக்கு கழன்று பாராசூட் வெளியே. அதாவது உள்ளே காற்று ஊதினால் மூக்கு கழல வேண்டும் என்பதற்காகவே கட்டிய ராக்கெட் இது. நான் அதற்குள் காற்றை ஊதி, ஏன் மேலே போகவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆக, குழலை நடுவில் அடைக்க வேண்டும். அடைப்புக்கு எதுவும் தேட வேண்டியிருக்கவில்லை. மோட்டார் பிடிப்பு ஒட்டாமல் சும்மா கிடந்தது, அதன் வளையங்கள் குழலுக்கென்றே அளவெடுத்தவை. நடு ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்து, வாலில் போக வேண்டியதைத் தலைப்பக்கம் கொண்டுபோய், பாராசூட்டுக்கு இடம் விட்டு ஒட்டினோம். எடை 34 கிராம் ஆனது. இப்போது மிதித்தால் இரண்டு மாடி உயரம் போனது. பெண் கத்திய கத்தலில் வடாம் மாமி மறுபடி எட்டிப் பார்த்தார்.

இன்னும் உயரம் வேண்டுமென்றால் மொட்டைமாடி சரிவராது. மீனம்பாக்கம் விமான ஓடுபாதை எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை திருப்போரூர் பக்கம் போனோம். மனை போட்டு, கல் நட்டு, வீடு வராமல் கிடக்கும் இடங்களுக்கு அங்கே பஞ்சமில்லை. ஆறரைக்குப் போனதற்குக் காரணம் உண்டு. பங்குனியில் வெயில் ஏறியதும் கடற்காற்று உள்ளே வந்துவிடும், அதற்கப்புறம் ராக்கெட் எங்கே விழும் என்று யாரும் சொல்ல முடியாது.

மிதிப்பதை விட்டுவிட்டு இப்போது பம்ப். ஹார்டுவேர் கடையில் ஒரு டீ (மூன்று வாய் உள்ள பைப் இணைப்பு), கைப்பிடியைத் திருப்பினால் திறக்கும் ஒரு பால் வால்வு (ball valve). பஞ்சர் கடையில் இருபது ரூபாய்க்கு டியூப்லெஸ் வால்வு. அதே இரண்டு லிட்டர் பாட்டில்தான் காற்றுத் தொட்டி, ஈரச் சாக்கைச் சுற்றி வைத்தேன். வால்வின் கைப்பிடியில் கயிறு கட்டி ஐந்து மீட்டர் தள்ளி நின்று இழுப்பது. பிளாஸ்டிக்கில் காற்றடைத்துவிட்டு அதன் மேல் குனிந்து நிற்பது புத்திசாலித்தனம் இல்லை. உயரம் பார்க்க, ஜியோமெட்ரி பாக்ஸ் பாகைமானியில் நூல் கட்டி ஒரு நட்டைத் தொங்கவிட்டிருந்தோம். 30 மீட்டர் தள்ளி நின்று அதன் விளிம்பு வழியே பெண் பார்ப்பாள்.

முதல் தடவை 30 பிஎஸ்ஐ காற்றழுத்தம். உச்சியில் தானாகக் கழலட்டும் என்று மூக்கை லூசாக வைத்திருந்தேன். பைப்பை விட்டதும் ஆள் உயரத்திலேயே கழன்றது. ஃபின்னோடு இருக்கும் குழலைக் காற்று அதிகமாகப் பிடித்து நிறுத்துகிறது, மூக்குக்கு அந்தத் தடை இல்லை, அது முன்னால் ஓடிவிடுகிறது. பாராசூட் நூல்கள் முறுக்கிக்கொண்டு ஒரே கயிறாக வந்து விழுந்தது. அடுத்த தடவை மூக்கில் மாஸ்கிங் டேப் ஒரு சுற்று. நேராக மேலே போய், திரும்பி, நேராகக் கீழே வந்து மண்ணில் குத்தியது. மூக்கு கழலவே இல்லை. டேப்பை அரைச் சுற்றாக்கினேன், கால் சுற்றாக்கினேன். ஒன்று ஆரம்பத்திலேயே கழலும், இல்லையென்றால் கழலவே கழலாது. உச்சியில் மட்டும் கழல்கிற இறுக்கம் என்று ஒன்றை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த மூன்று நொடியை டேப்பில் செய்ய முடியாது போல.

கடைசியாக 40 பிஎஸ்ஐ. பாராசூட்டை எடுத்துவிட்டு, மூக்கை நன்றாக இறுக்கி, விழுவது விழட்டும் என்று கயிற்றை இழுத்தேன். சத்தம் காதில் விழும்போது ராக்கெட் பைப்பில் இல்லை. மேலே ஆரஞ்சாக ஒரு கோடு, அப்புறம் ஒரு நொடி ஒன்றுமே தெரியவில்லை. பெண் பாகைமானியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு "முப்பத்தஞ்சுப்பா!" என்றாள். 21 மீட்டர், அவள் கண் உயரத்தையும் சேர்த்தால் 22 சொச்சம். ஏழு மாடி. வானம் தெளிவாக இருந்தால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்புவதை எங்கள் மொட்டைமாடியிலிருந்தே பார்க்கலாம். பல தடவை பார்த்திருக்கிறோம். ஆனால் இந்த ஏழு மாடிக்குக் குதித்த மாதிரி அதற்கு நாங்கள் குதித்ததில்லை.

விழுந்தது சீமைக்கருவேலம் புதருக்குள். முள் கிழித்து ராக்கெட்டை எடுத்துவந்தபோது ஒரு ஃபின் அடியோடு போயிருந்தது, குழலின் மேல்பக்கம் ஆர்மோனியப் பெட்டி மாதிரி மடிந்திருந்தது. மடிந்த இடத்தை வெட்டிவிட்டு ஒட்டலாம். நீளம் இரண்டு செ.மீ. குறையும், அவ்வளவுதான். ஃபின் இப்போது துணி கிளிப் மாட்டிக் காய்கிறது.

பாராசூட் மட்டும் அத்தனை தடவையில் ஒருமுறைகூட விரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை. பாகைமானியிலிருந்த நட்டை அவிழ்த்து அதில் கட்டி மொட்டைமாடியிலிருந்து போட்டாள். அழகாக விரிந்தது. மெதுவாக, ஆடி ஆடி, மாமி வீட்டு முருங்கை மரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கேட்டு வாங்க இன்னும் யாரும் போகவில்லை.