சின்னவனையும் பெரியவனையும் பிரித்து வைத்த கதை

ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு ஆண் முயல்கள், மூன்று மாதம் வரை ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துதான் தூங்கும். நாலாவது மாதம் பெரியவன் துரத்தவும் மேலே ஏறவும் ஆரம்பித்தான், விளையாட்டு என்று விட்டுவிட்டேன், அது என் தப்பு. ஒருநாள் காலையில் கூண்டு முழுக்கப் பிடுங்கிப் போட்ட முடி, சின்னவனுக்கு விரைப்பையில் கடி, ரத்தம்.

அந்த வயதில் ஹார்மோன் ஏறும்போது கூடப்பிறந்தது என்றெல்லாம் முயல் பார்க்காது. அன்றே தனித்தனிக் கூண்டு. பக்கத்திலேயே வையுங்கள், ஆனால் ஒட்டி வைக்காதீர்கள், கம்பி வழியாகவும் கடிக்கும். காயம் ஆறியதும் இரண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் செய்தோம். மறுநாளே சேர்த்துவிடக் கூடாது, ஹார்மோன் அடங்க ஆறு வாரமாவது வேண்டும், சின்னவன் தினமும் அண்ணன் கூண்டைப் பார்த்தபடியே படுத்திருந்ததால் அந்த ஆறு வாரம் எனக்குத்தான் ரொம்பக் கஷ்டம்.

அப்புறம் இரண்டும் இதுவரை போகாத மாடி அறையில் பத்துப் பத்து நிமிடமாக விட்டேன், கையில் தடித்த துண்டோடு. சண்டையில் வெறுங்கையை நீட்டாதீர்கள், ஆழமாகக் கடித்துவிடும்.

நேற்று பெரியவன் தலையைத் தாழ்த்திக் கொடுக்க, சின்னவன் நெற்றியை நக்கிவிட்டான். ராத்திரி மட்டும் இன்னும் தனிக் கூண்டுதான்.