பேட்டரிக்கு வயசு என்னன்னு கேட்டா முறைக்கிறாங்க

போன வாரம் காலைல கார் சாவியைத் திருப்பினா டக்டக்டக்டக்னு ஒரு சத்தம், அவ்வளவுதான், செல்ஃப் எடுக்கல. டேஷ்போர்டுல இருக்கற லைட் எல்லாம் ஒரு தடவை எரிஞ்சு மங்கிப்போய், கடிகாரம் அணைஞ்சு திரும்ப 12:00ன்னு வந்து நின்னுச்சு. இந்தச் சத்தத்தைக் கேட்டவங்களுக்கு வயித்தைப் பிசையும். ஸ்டார்ட்டர்ல இருக்கற சொலினாய்டுங்கற மின்காந்த சுவிட்ச் இழுக்கும், மோட்டார் ஒரேயடியா கரண்ட் கேட்கும், பேட்டரியால தாங்க முடியாம வோல்டேஜ் படுத்துரும், படுத்ததும் சொலினாய்டு விட்டுரும், விட்டதும் வோல்டேஜ் கொஞ்சம் எழுந்திருக்கும், திரும்ப இழுக்கும். அதுதான் அந்த டக்டக்.

அண்ணனுக்கு போன் போட்டேன், அவர் வண்டியைக் கொண்டுவந்து, அதோட பேட்டரிலேருந்து கேபிள் போட்டு ஜம்ப் பண்ணிவிட்டார். வந்தவர் சும்மா போகல, "பேட்டரி போச்சுன்னு நீயா முடிவு பண்ணாத, மொதல்ல டெர்மினலைப் பாரு"ன்னார். ப்ளஸ் பக்கம் வெள்ளையும் பச்சையுமா பூத்துப்போயிருந்துச்சு. அதை வெந்நீர் ஊத்தி பிரஷ் வச்சு தேச்சு சுத்தம் பண்ணி டைட் பண்ணிட்டு, மல்டிமீட்டர் வச்சுப் பார்த்தோம். இன்ஜின் ஓடும்போது 14.2 வோல்ட், அப்படின்னா ஆல்டர்னேட்டர், அதாவது இன்ஜின் சுத்தும்போது கரண்ட் செய்யற ஜெனரேட்டர், ஒழுங்கா சார்ஜ் பண்ணுது. அன்னிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஓட்டிட்டு, ராத்திரி பூரா நிறுத்தி வச்சு மறுநாள் காலைல பார்த்தா 12.1. சாவியைத் திருப்பும்போது 8.9க்கு விழுந்துச்சு, இன்ஜின் என்னமோ முக்கி முனகி ஸ்டார்ட் ஆயிருச்சு.

இந்த நம்பரெல்லாம் எதுக்குன்னா, உள்ள ஆறு செல் இருக்கு, ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 2.1 வோல்ட், ஆக முழு சார்ஜ்ல 12.6 காட்டணும். 12.4 காட்டினா முக்கால்வாசி, 12.2னா பாதி, 12.0னா கால்வாசிதான் இருக்குன்னு அர்த்தம். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழ போச்சுன்னா பேட்டரி கிழடாயிருச்சு. நம்மளுது நாலு வருஷம் தாண்டின கட்டை, அதனால வருத்தமெல்லாம் இல்ல. சூடான இடத்துல மூணு வருஷம் ஓடினாலே பெரிய விஷயம், குளிர்ல அஞ்சாறு வருஷம் கூட போகும். குளிர்தான் பேட்டரியைக் கொல்லுதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, நிஜத்துல உள்ள இருக்கற ஈயத் தகட்டை அரிச்சுத் தின்னுறது வெயில்தான், குளிர் வந்து பேட்டரி ஏற்கனவே செத்துப்போச்சுன்னு காட்டிக்குடுக்கும், அவ்ளோதான்.

சரி, புதுசு வாங்கணும். எங்க வாங்கறது? எங்க வீட்டுல இது பெரிய பட்டிமன்றம். அண்ணன் ஷோரூம் கட்சி. நான் டிஸ்கவுண்ட் கடை கட்சி, ஆனா எனக்கு ஒரு பழைய காயம் இருக்கு, அதை அப்புறம் சொல்றேன்.

மொதல்ல ஷோரூம் சர்வீஸ் சென்டருக்குத்தான் போன் பண்ணேன். எடுத்த தம்பி ரொம்ப மரியாதையா "ஒரிஜினல் பேட்டரி போட்டாதாங்க வண்டிக்கு நல்லது, வெளிய போட்டா வாரண்டி போயிரும்"னார். என் வண்டி வாரண்டி முடிஞ்சே ரெண்டு வருஷம் ஆச்சு, இல்லாத வாரண்டி எங்கேருந்து போகும்? விலையைக் கேட்டா, அப்புறம் டிஸ்கவுண்ட் கடைல சொன்னதை விட கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு, மாட்டற கூலி வேற தனி.

இந்த "ஒரிஜினல்"ங்கற வார்த்தையைக் கொஞ்சம் பிச்சுப் பார்க்கணும். கார் கம்பெனிங்க இந்த ஈய பேட்டரியைப் பொதுவா தாங்களே செய்யறதில்ல. உலகம் பூரா பார்த்தா பெரிய கைங்க கொஞ்சம் பேர்தான்: க்ளேரியோஸ், ஜிஎஸ் யுவாசா, எக்சைட், ஈஸ்ட் பென் மாதிரி. க்ளேரியோஸ்ங்கறது 2019 வரைக்கும் ஜான்சன் கன்ட்ரோல்ஸோட பேட்டரி பிரிவா இருந்ததுதான், வேற கைக்கு வித்ததும் பேர் மாறுச்சு. இவங்க ஃபேக்டரிலேருந்து வர்ற பேட்டரி மேலதான் கார் கம்பெனி லேபிளும் ஒட்டுது, கடை லேபிளும் ஒட்டுது. ஆனா ஒரே ஃபேக்டரி, அதனால ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்ற புத்திசாலிங்களும் இருக்காங்க, அதுவும் சரி கிடையாது. ஒரே ஃபேக்டரில தகடு கம்மியா போட்டு ஒண்ணு, நிறைய போட்டு ஒண்ணுன்னு செய்வாங்க. ஒரே சைஸ்ல ரெண்டு பேட்டரி இருந்தா தூக்கிப் பாருங்க, பெரும்பாலும் கனமானதுல ஈயம் அதிகம். நான் கடைல நின்னு ரெண்டு கைலயும் ஒண்ணொண்ணா தூக்கிப் பார்த்துட்டு இருந்தேன், பக்கத்துல ஒருத்தர் ஜிம்முக்கு வந்த மாதிரி என்னைப் பார்த்துட்டுப் போனார்.

இப்போ அந்தப் பழைய காயம். இதுக்கு முன்னாடி வச்சிருந்த வண்டிக்கு ஒரு டிஸ்கவுண்ட் கடைல தள்ளுபடின்னு பார்த்ததும் யோசிக்காம ஒரு பேட்டரி எடுத்தேன். ஒன்றரை வருஷத்துல காலி. கழட்டும்போதுதான் தேதி கோடைப் பார்த்தேன், நான் வாங்கறதுக்கு 14 மாசம் முன்னாடியே செஞ்சது. ஒரு வருஷத்துக்கு மேல ரேக்ல தூங்கியிருக்கு. பேட்டரி சும்மா இருந்தாலும் தானா சார்ஜ் இறங்கும், சூட்டுல இன்னும் வேகமா. சார்ஜ் இறங்கிக் கிடந்தா தகட்டு மேல சல்ஃபேட் படிஞ்சு கல்லாயிரும், அதுக்கப்புறம் என்னதான் சார்ஜ் ஏத்தினாலும் பழைய தெம்பு வராது. புதுசுன்னு வாங்கறோம், உள்ள பாதி ஆயுசு போயிருக்கும்.

அதனால இந்த தடவை எங்க போனாலும் முதல் கேள்வி இதுதான்: "இது எப்போ செஞ்சதுங்க?" கேட்டா முறைக்கிறாங்க. என்னமோ கல்யாணப் பொண்ணோட வயசைக் கேட்ட மாதிரி. ஷோரூம் தம்பி உள்ள போய்ப் பார்த்துட்டு வந்து ஒன்பது மாசம்னார். அவரைத் தப்பு சொல்லக்கூடாது, ஒவ்வொரு மாடலுக்கும் ஒண்ணு ரெண்டு வாங்கி வைப்பாங்க, அந்த சைஸ் கேட்டு ஆள் வரணும்ல. கூட்டம் அதிகமா இருக்கற கடைல சரக்கு வேகமா ஓடும், அதனால ஃப்ரெஷ்ஷா கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனா அங்கயும் முன்னாடி இருக்கறதை எடுக்கக்கூடாது.

கோடு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி. சிலது நேரா மாசமும் வருஷமும் அடிச்சிருக்கும், சிலதுல இங்கிலீஷ் எழுத்து ஒண்ணும் நம்பர் ஒண்ணும் இருக்கும், எழுத்து 'A'ன்னா ஜனவரி, நம்பர் வருஷத்தோட கடைசி இலக்கம். புரியலன்னா கடைக்காரரையே படிச்சுக் காட்டச் சொல்லுங்க. மூணு மாசத்துக்குள்ளன்னா சந்தோஷமா எடுப்பேன், ஆறு மாசம் தாண்டினா வேற குடுங்கன்னு சொல்லிருவேன். இது நானா வச்சுக்கிட்ட கணக்குதான்.

டிஸ்கவுண்ட் கடைல ஒருத்தர் பேட்டரி மேல இருக்கற கண்ணாடி மாதிரி வட்டத்தைக் காட்டி "பச்சைக் கண்ணு தெரியுது பாருங்க, ஃபுல் சார்ஜ்"னார். நான் பையிலேருந்து மல்டிமீட்டரை எடுத்தேன். (ஆமா, பையில வச்சிருந்தேன், சிரிக்காதீங்க.) 12.3 காட்டுச்சு. அந்தப் பச்சைக் கண்ணு ஆறு செல்ல ஒரே ஒரு செல்லோட அமில அடர்த்தியைப் பார்த்து மிதக்கற குட்டிப் பந்து, மத்த அஞ்சு செல்லுக்கும் என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது. அது பச்சை காட்டறதை வச்சு பேட்டரி நல்லா இருக்குன்னு சொல்றது, ஒரு வீட்டுல லைட் எரியுது அதனால தெருவுலயே கரண்ட் இருக்குன்னு சொல்ற மாதிரி. அவரும் நல்ல மனுஷன்தான், கோச்சுக்கல, ரேக்குக்குப் பின்னாடி போய் வேற ஒண்ணு எடுத்துட்டு வந்தார். ரெண்டு மாசம் முன்னாடி செஞ்சது, 12.6. இதுதான்னு முடிவு பண்ணேன்.

அதுக்குள்ள அண்ணன் "சிசிஏ அதிகமா இருக்கறதை வாங்கு"ன்னு மெசேஜ் மேல மெசேஜ். இதுல ஒரு குழப்பம் இருக்கு. அமெரிக்க எஸ்ஏஈ தரக் கணக்குல சிசிஏன்னா மைனஸ் 18 டிகிரி குளிர்ல 30 செகண்ட் வரைக்கும் 7.2 வோல்ட்டுக்குக் கீழ போகாம எவ்வளவு ஆம்பியர் குடுக்கும்ங்கறது. ஐரோப்பிய இஎன் கணக்குல அதே குளிர்தான், ஆனா 10 செகண்ட், 7.5 வோல்ட். ஒரு பேட்டரில எஸ்ஏஈ நம்பரும் இன்னொண்ணுல இஎன் நம்பரும் அடிச்சிருந்தா ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிடக்கூடாது. வண்டி மேனுவல்ல போட்டிருக்கறதுக்குக் குறையாம இருந்தா போதும், அதுக்கு மேல காசு குடுக்கறது பனி கொட்டற இடத்துல இருக்கறவங்களுக்கு சரி. மத்தவங்க ஆம்பியர் அவர், அதாவது எவ்வளவு கரண்டை எவ்வளவு நேரம் குடுக்கும்ங்கற கணக்கைப் பார்த்துக்கலாம், வண்டியை நாள்கணக்குல நிறுத்தி வைக்கறவங்க முக்கியமா. வண்டி தூங்கும்போதும் அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் 50 மில்லி ஆம்பியர் வரைக்கும் உறிஞ்சறது சகஜம், நாளுக்கு 1.2 ஆம்பியர் அவர், 50 ஆம்பியர் அவர் பேட்டரி மூணு வாரத்துல பாதியாயிரும்.

சைஸ் கோடு விஷயத்துல மட்டும் விளையாடாதீங்க. என்னோடது 55பி24எல். ஜப்பான் முறை இது, 55 அதோட சக்தித் தரம், பி அகலம் உயரத்துக்கான எழுத்து, 24 நீளம் சென்டிமீட்டர்ல, கடைசி எழுத்து ப்ளஸ் எந்தப் பக்கம்ங்கறது. எல்லுக்குப் பதிலா ஆர் வாங்கிட்டு வந்தா கேபிள் எட்டாது, இழுத்துப் பிடிச்சு மாத்தி மாட்டினா ஃப்யூஸோட போனா அதிர்ஷ்டம், இல்லன்னா ஆல்டர்னேட்டர் டயோடும் கம்ப்யூட்டரும் சேர்ந்து போகும். பின்னாடி எஸ்னு ஒரு எழுத்து கூட இருந்தா டெர்மினல் தடிமன், கிளாம்ப் உள்ள போகாது.

வாரண்டில டிஸ்கவுண்ட் கடைதான் ஜெயிச்சுது, ஆனா பெரிய எழுத்துல இருக்கற மாசக் கணக்கை நம்பாதீங்க. 48 மாசம்னு போட்டிருப்பாங்க, உத்துப் பார்த்தா முதல் 24தான் ஃப்ரீயா மாத்தித் தருவாங்க, மிச்சம் 24 ப்ரோ-ராட்டா, அதாவது ஓட்டின மாசத்துக்குக் கழிச்சுக்கிட்டு மீதிக்குத் தள்ளுபடி, அந்தத் தள்ளுபடியும் சில இடத்துல டிஸ்கவுண்ட் விலைல இல்லாம முழு விலைல கழிப்பாங்க. மாத்திக் குடுத்த பேட்டரிக்குப் புது வாரண்டியா பழசுல மிச்சமான்னும் கேட்டுக்கோங்க.

ஷோரூம் பக்கமே போகாதீங்கன்னு நான் சொல்லல. சிக்னல்ல நின்னா இன்ஜின் தானா அணையற ஸ்டார்ட் ஸ்டாப் வண்டின்னா அடிக்கடி ஸ்டார்ட் பண்றதைத் தாங்கற ஏஜிஎம் இல்லன்னா இஎஃப்பி ரக பேட்டரிதான் போடணும், சாதா பேட்டரி போட்டா சீக்கிரமே படுத்துரும். பிஎம்டபிள்யூ மாதிரி சில வண்டிகள்ல புது பேட்டரி போட்டிருக்குன்னு கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணணும், இல்லன்னா பழைய கிழட்டு பேட்டரிக்குச் சார்ஜ் பண்ற மாதிரியே புதுசுக்கும் பண்ணிட்டு இருக்கும். பேட்டரி டிக்கிலயோ சீட்டுக்கு அடியிலயோ இருந்தா வாயு வெளிய போற குழாயையும் மறக்காம மாட்டணும். இதுக்கெல்லாம் ஆளும் கருவியும் அங்க இருக்கு, என் அக்கா வண்டி அந்த ரகம், அவளை நானே ஷோரூமுக்குத்தான் போகச் சொல்லுவேன். என்னோடது பத்தாம் நம்பர் ஸ்பானர் ஒண்ணு இருந்தா முடிஞ்சுது.

வீட்டுலயே மாட்டினோம். கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசில, அப்போதான் ஸ்பானர் தப்பித்தவறி பாடில பட்டாலும் பொறி பறக்காது. அண்ணன் பேட்டரியைப் பிடிக்கற கம்பியை லேசா விட்டுட்டார், நான்தான் திரும்ப இறுக்கினேன். ஆடற பேட்டரி அதிர்வுலயே உள்ள தகடு உதிர்ந்து செத்துப்போகும். பழசைக் கடைல குடுத்து கொஞ்சம் கழிச்சுக்கிட்டோம், அது உருகித் திரும்ப பேட்டரியாத்தான் வரும்.

இப்போ ஒரு திருப்புக்கு எடுக்குது. பேட்டரியைக் கழட்டினதுல டிரைவர் பக்க ஜன்னல் ஒரே தட்டுல மேல ஏற மாட்டேன்னுச்சு, முழுசா மேல ஏத்தி சுவிட்சை அஞ்சாறு செகண்ட் பிடிச்சதும் அதுக்கும் ஞாபகம் வந்துருச்சு. கடிகாரம் மட்டும் இன்னும் 12:00லேருந்துதான் ஓடிட்டு இருக்கு, மேனுவல்ல எந்தப் பக்கம்னு அண்ணன் தேடிட்டு இருக்கார்.